நாலு ஈதர், எட்டாயிரம் டாலர்

முஹரக், பஹ்ரைன்
14.9.2025

செல்வதாஸ்,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் ஈதர் எங்கே?

லிபின் லீவில் ஊருக்கு வருகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் நீ பேசிப் பேசியே என்னைத் தலையாட்ட வைத்துவிடுவாய். அதனால்தான் வாட்ஸப்பில் உன்னை பிளாக் பண்ணினேன். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

மார்ச் மாதம் நாம் இன்டர்நெட்டில் அந்தக் காசுக் குளத்தில் போட்டது என்ன? என்னுடைய நாலு ஈதர் கிரிப்டோ காசு, உன்னுடைய எட்டாயிரம் டாலர் காசு. அன்றைக்கு ஒரு ஈதரின் விலை இரண்டாயிரம் டாலர். ஆகவே சமத்துக்குச் சமம். அந்த ஈதர் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். என் பழைய வள்ளத்தை விற்ற காசும், இங்கே இரண்டு வருஷம் வெயிலில் வலை இழுத்த காசும். உன் டாலர், எஞ்சினை விற்ற காசும், மணவாளக்குறிச்சியில் உன் மனைவி சுபிதா பெயரில் இருந்த நாலு சென்டு நிலத்தை விற்ற காசும். உன்னுடையதை நான் மறக்கவில்லை. என்னுடையதை நீ மறக்காதே.

கடியப்பட்டணத்துக்காரனுக்கு நான் வழக்கம் சொல்லித்தர வேண்டியதில்லை. வள்ளம் ஒருத்தனுடையது, எஞ்சின் இன்னொருத்தனுடையது. பிடித்த மீனில் வள்ளத்துக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு. கூட்டு முறிந்தால் அவனவன் பொருளை அவனவன் எடுத்துக்கொண்டு போவான். நாம் எட்டு வருஷம் அப்படித்தான் கடலுக்குப் போனோம். நான் பஹ்ரைனுக்குக் கிளம்பிய வாரம் நீ எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாய், நான் வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துப் போட்டேன். அன்றைக்கு ஒரு சண்டை உண்டா?

இப்போது ஈதர் விலை நாலாயிரத்து ஐந்நூறு. என் நாலுக்கும் பதினெட்டாயிரம் டாலர். சந்தோஷமாகப் போனில் நம் காசுப் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். இன்றைக்கு எடுத்தால் 2.67 ஈதரும் 12,000 டாலரும் கிடைக்கும் என்று காட்டுகிறது. என் ஈதர் குறைந்திருக்கிறது. உன் டாலர் கூடியிருக்கிறது. இதற்கு உங்கள் கணக்குப் பாஷையில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. நம் கரையில் ஒரு பெயர் உண்டு, அதை எழுதக் கை கூசுகிறது.

இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தால்தான் அந்தப் பெட்டியிலிருந்து காசு வெளியே வரும் என்பதால் கேட்டு நிற்கிறேன். எனக்கு என் நாலு ஈதர் வேண்டும்.

எபிசன்


கடியப்பட்டணம்
19.9.2025

எபிசன் மக்கா,

வாட்ஸப்பில் பிளாக் பண்ணிவிட்டு ஆள் கையில் கடிதம் கொடுத்தனுப்புகிற முதல் மனிதன் நீயாகத்தான் இருப்பாய். காலை ஏலம் முடிந்து நான் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது லிபின் வந்து கல்யாணப் பத்திரிகை மாதிரி இரண்டு கையாலும் நீட்டினான். என் கை முழுக்க மீன் செதில். உன் கடிதத்திலும் ஒட்டிக்கொண்டது. நீ எழுதியிருந்ததற்கு அந்த நாற்றமே தேவலை.

உன் ஈதரை யாரும் திருடவில்லை. குளம் அப்படித்தான் வேலை செய்யும். பொறுமையாகப் படி.

நம் கரையில் விலை எப்படி வருகிறது? ஏலக்காரர் தொண்டை கிழியக் கூவுகிறார், வியாபாரிகள் ஏற்றிக் கேட்கிறார்கள். குளத்தில் ஏலக்காரரே கிடையாது. நம்மைப் போல ஆயிரக்கணக்கான பேர் இரண்டு வகைக் காசையும் கொண்டுவந்து அதில் கொட்டியிருக்கிறோம். ஈதர் வேண்டியவன் டாலரைப் போட்டுவிட்டு ஈதரை எடுத்துப் போவான். டாலர் வேண்டியவன் ஈதரைப் போட்டுவிட்டு டாலரை எடுத்துப் போவான். எவ்வளவு போட்டால் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு ஒரே ஒரு விதிதான். எடுத்த பிறகு குளத்தில் மிஞ்சுகிற ஈதரையும் டாலரையும் பெருக்கினால், முன்னால் இருந்த எண்ணை விடக் குறையக்கூடாது. விலையைச் சொல்வது அந்தப் பெருக்கல்தான். யாரும் கூவ வேண்டாம்.

நம் பங்கை மட்டும் வைத்துப் பார்ப்போம். நாலை எட்டாயிரத்தால் பெருக்கினால் முப்பத்திரண்டாயிரம். இதில் ஒருவன் ஒரு ஈதரை எடுத்தால் மிச்சம் மூன்று. பெருக்கல் குறையாமல் இருக்க டாலர் பத்தாயிரத்து அறுநூற்றுச் சொச்சமாக நிற்க வேண்டும். ஆகவே அவன் இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் டாலர் போட்டாக வேண்டும். எடுக்க எடுக்க ஈதர் அருகும், விலை ஏறும். நிஜக் குளம் பெரிது என்பதால் ஒரு ஈதருக்கெல்லாம் விலை அசையாது. ஆனால் கணக்கு இதேதான்.

வெளிச் சந்தையில் ஈதர் ஏறினால் என்ன ஆகும்? குளத்தில் மலிவாகக் கிடக்கிறதே என்று வியாபாரிகள் ஓடிவந்து அள்ளுவார்கள், குளத்து விலை வெளி விலையைத் தொடுகிற வரை. நாலாயிரத்து ஐந்நூறைத் தொடும்போது நம் பங்கில் 2.67 ஈதரும் 12,000 டாலரும் நிற்கும். பெருக்கிப் பார், அதே முப்பத்திரண்டாயிரம். விலை ஏறுகிற காசு நம்மிடம் குறைந்துகொண்டே வரும். அதற்குக் கூலியாக, வருகிற ஒவ்வொருவனும் ஆயிரத்துக்கு மூன்று வீதம் கட்டணம் விட்டுவிட்டுப் போகிறான். ஆறு மாதத்தில் நமக்கு அறுநூறு டாலர் சேர்ந்திருக்கிறது.

ஆகக் கட்டணம் போக மொத்தம் இருபத்துநாலாயிரம். ஆளுக்குப் பன்னிரண்டாயிரம். குளத்தில் 'எனக்க ஈதர், ஒனக்க டாலர்' என்பது கிடையாது. இறக்கிய அன்றோடு அது கலந்துவிட்டது. நமக்கு உள்ளது பங்கு மட்டும்தான். இதையெல்லாம் மார்ச்சில் போனில் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "சவம், கணக்கெல்லாம் எனக்கு எதுக்கு? நீ பாத்துக்க மக்கா" என்றாய். பார்த்துக்கொண்டேன்.

பன்னிரண்டாயிரத்துக்குச் சரி என்றால் சொல், அந்த நிமிடமே கையெழுத்துப் போடுகிறேன்.

செல்வதாஸ்


முஹரக்
27.9.2025

செல்வதாஸ்,

பெருக்கிப் பார்த்தேன். இரண்டு தடவை. குளம் திருடவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ எழுதாமல் விட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. அதை நான் எழுதுகிறேன், கணக்கில் பட்டம் வாங்கின நீ திருத்து.

குளத்தில் போடாமல் சும்மா வைத்திருந்தால் என்னிடம் பதினெட்டாயிரம், உன்னிடம் எட்டாயிரம். மொத்தம் இருபத்தாறாயிரம். குளம் தருவது இருபத்துநாலாயிரம். இரண்டாயிரம் குறைகிறது. அது குளத்தில் இறங்கியதற்கு நாம் கொடுத்த விலை. சரி, அதையாவது பாதி பாதியாகச் சுமப்போமா என்றால் அதுவும் இல்லை. உன் கணக்குப்படி நீ எட்டுப் போட்டுப் பன்னிரண்டு எடுக்கிறாய். நான் பதினெட்டு பெறுமானத்தை விட்டுவிட்டுப் பன்னிரண்டு எடுக்கிறேன். போன இரண்டாயிரமும் என் தலையில், அதற்குமேல் நாலாயிரம் என்னிடமிருந்து உன்னிடம் வருகிறது. கலந்துவிட்டது, கலந்துவிட்டது என்கிறாய். கலந்தது எனக்கு மட்டும் எப்படி இப்படிக் கலந்தது?

"நீ பாத்துக்க மக்கா" என்று நான் சொன்னது உண்மை. எஞ்சினைப் பற்றியும் எட்டு வருஷம் உன்னிடம் அதைத்தான் சொன்னேன். எஞ்சின் நின்றுபோனால் எரிபொருள் ஊற்றத் தெரியாத என்னை நீ ஏசியதில்லை. விவரம் தெரிந்தவன் நீ. உன்னை நம்பினவன் நான். நட்டம் வந்தால் அது யார் பக்கம் போக வேண்டும்?

இனி மறைக்க ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். முட்டத்தில் ஞானையன் பட்டறையில் ஒரு புது ஃபைபர் வள்ளம் நிற்கிறது. முப்பத்திரண்டு அடி. ஜூலை லீவில் பார்த்து ஒரு லட்சம் முன்பணம் கொடுத்தேன். எஞ்சினோடு சேர்த்துப் பதினாறு லட்சம். மீதியை அக்டோபர் 31-க்குள் கட்ட வேண்டும். தாண்டினால் வள்ளம் அடுத்தவனுக்கு, முன்பணமும் போகும். எனக்கு முப்பத்தாறு வயதாகிறது. அரபிக்காரன் படகில் கூலிக்கு நின்றது போதும். நம் கடலில், சொந்த வள்ளத்தில் போக வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

பதினெட்டாயிரம் கிடைத்தால் எனக்கு வள்ளம் உண்டு. பன்னிரண்டாயிரம் கிடைத்தால் இல்லை. பதினெட்டை எனக்குக் கொடு, மீதி ஆறாயிரத்தையும் கட்டணத்தையும் நீ எடுத்துக்கொள். உனக்கு நட்டம்தான், தெரிகிறது. தெரிந்துதான் கேட்கிறேன்.

எபிசன்


கடியப்பட்டணம்
6.10.2025

எபிசன்,

ஜூலையில் ஒரு மாதம் ஊரில் இருந்தாய். அதில் பத்து நாளாவது என் வீட்டில் சாப்பிட்டிருப்பாய். சுபிதா உனக்கென்று நெத்திலி அவியல் வைத்தாள். சட்டியை வழித்துத் தின்றுவிட்டு, கை கழுவிவிட்டு, முட்டத்துக்குப் போய் வள்ளம் பார்த்திருக்கிறாய். எஞ்சினோடு சேர்த்து! அந்த ஒரு வார்த்தையை எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? எட்டு வருஷம் எனக்க எஞ்சின் இல்லாமல் ஒனக்க வள்ளம் கரையை விட்டு நூறு அடி போயிருக்குமா? கூட்டு வேண்டாம் என்று முடிவு செய்தவன் நீ. என்னைக் கள்ளன் என்று எழுதக் கை கூசுகிறவனும் நீ.

நட்டம் யார் பக்கம் போக வேண்டும் என்று கேட்கிறாய். நானும் ஒன்று கேட்கிறேன். ஈதர் ஏறாமல் ஆயிரத்துக்கு விழுந்திருந்தால்? அப்போது குளத்தில் ஈதர் கூடி டாலர் குறைந்திருக்கும். என் எட்டாயிரம் ஐயாயிரத்துச் சொச்சமாக நின்றிருக்கும். அன்றைக்கு நீ, 'நாலு ஈதர் மட்டும் எனக்குப் போதும், உன் எட்டாயிரத்தை நான் நிறைத்துத் தருகிறேன்' என்று சொல்லியிருப்பாயா? நெஞ்சைத் தொட்டுச் சொல். 'பங்குதானே மக்கா, பாதி பாதி' என்றுதான் சொல்லியிருப்பாய். ஏறும்போது வழக்கம், இறங்கும்போது பங்கு. நன்றாக இருக்கிறது உன் நியாயம்.

என் கணக்கில் பிழை இல்லை. உன் வள்ளத்துக்காக என் பெண்டாட்டியின் நாலு சென்டைக் கரைக்க வேண்டும் என்று எந்த வழக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. நீ கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம்.

(பக்கத்தைத் திருப்பு)

முதல் பக்கத்தை எழுதி வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் சுபிதா அதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். படித்து முடித்து மேஜையில் வைத்தாள்.

"கணக்கு சரிதான். நீங்க சொல்லுதது எல்லாம் சரிதான். அவனுக்க வள்ளம் கைவிட்டுப் போச்சுன்னா, நாளைக்கு ஏலத்துக்குப் போய் நின்னுட்டு இந்த மாதிரி சரியா கணக்கு எழுதுவியளா?"

நான் காகிதத்தை எடுத்து மடிக்கப் போனேன். அவள் விடவில்லை.

"நாலு சென்டு எனக்க பேருலதான கெடந்தது? நான் சொல்லுதேன். கையெழுத்த போட்டுக் குடுங்க. ஏசுதத அதுக்குப் பொறவு ஏசிக்கிடலாம்."

ஆகவே போட்டுவிட்டேன். நம் பங்கைக் குளத்திலிருந்து எடுத்து, பதினெட்டாயிரம் பெறுமானம் உனக்கு, மிச்சம் எனக்கு என்று பெட்டியில் உத்தரவு எழுதி என் கையெழுத்தையும் போட்டாயிற்று. உன் வள்ளத்துக் கெடுவைப் பார்த்து அக்டோபர் 31 வரை செல்லும்படி வைத்திருக்கிறேன். நீ பெட்டியைத் திறந்து உன் கையெழுத்தைப் போட வேண்டும், அவ்வளவுதான். ஒரு நிமிட வேலை.

முதல் பக்கத்தைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. அதில் இருப்பதும் என் மனதில் இருப்பதுதான். இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொள்.

செல்வதாஸ்


முஹரக்
2.11.2025

செல்வதாஸ்,

லீவு முடிந்து வந்த ஜிபின் போன மாதமே உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். முதல் பக்கத்தைப் படித்தேன். நெத்திலி அவியலுக்குக் கணக்குச் சொல்கிற இடத்துக்கு நாம் வந்துவிட்டோம். அந்தப் பக்கத்தின் கடைசி வரியைப் படித்ததும் காகிதத்தை மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். மற்ற பக்கத்தில் இன்னும் என்ன ஏசியிருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள எனக்குத் தெம்பில்லை. காசுப் பெட்டியையும் நான் திறக்கவில்லை. நீ கையெழுத்துப் போடமாட்டாய் என்று தெரிந்த பிறகு அதை எதற்குத் திறக்க?

நேற்று ஞானையன் போன் செய்தார். குளச்சல்காரர் ஒருவர் முழுப் பணத்தையும் கொண்டுவந்து வைத்துவிட்டாராம். "நாளு தாண்டிட்டு பாத்தியா, நான் என்ன செய்ய?" என்றார். அவர் மேல் தப்பில்லை. என் ஒரு லட்சமும் போனது. ஈதர் விலையும் இறங்கத் தொடங்கிவிட்டது, தெரியுமா? இறங்கட்டும். இனி ஏறினால் என்ன, இறங்கினால் என்ன.

முதல் தடவை கடலுக்குப் போனபோது எனக்கு வாந்தி வந்தது, நீ என் தலையைப் பிடித்துக்கொண்டாய். அதை நினைத்துக்கொண்டுதான் உனக்கு இவ்வளவாவது எழுதுகிறேன். இதோடு நிறுத்திக்கொள்வோம்.

எபிசன்


கடியப்பட்டணம்
10.11.2025

எபிசன்,

கடிதம் கிடைத்தது. வள்ளம் கைவிட்டுப் போனதற்கு வருத்தம். நான் எழுத வேண்டியதை எழுதியாயிற்று. குளத்தில் உள்ளது குளத்திலேயே கிடக்கட்டும். நான் தொடமாட்டேன்.

செல்வதாஸ்


முஹரக்
9.2.2026

செல்வதாஸ் மக்கா,

இந்தக் கடிதத்தை நான் நாலாவது தடவையாக எழுதுகிறேன். மூன்றைக் கிழித்துப் போட்டேன்.

இங்கே வேலையை விட்டுவிட்டேன். இருபத்தொன்றாம் தேதி ஊருக்கு வருகிறேன். நேற்று டிரங்குப் பெட்டியைக் காலி பண்ணும்போது அடியில் உன் கடிதம் கிடந்தது. எறிவதற்காகத்தான் எடுத்தேன். அது விரிந்து, பின்பக்கத்தில் சுபிதா பெயர் கண்ணில் பட்டது. அவள் என்ன சொன்னாள் என்று பார்க்கலாமே என்று படித்தேன்.

படித்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கூட இருந்தவன் என்னிடம், "வீட்டுல ஆருக்காவது சொகமில்லியா?" என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன்.

பிறகு காசுப் பெட்டியைத் திறந்தேன். உன் கையெழுத்து அங்கே கிடக்கிறது மக்கா. அக்டோபர் ஆறாம் தேதி போட்டது. பக்கத்தில், கெடு முடிந்தது என்று சிவப்பில் எழுதியிருக்கிறது. இருபத்தைந்து நாள் அது எனக்காகக் காத்துக்கிடந்திருக்கிறது. ஒரு விரலால் அழுத்தியிருந்தால் எனக்கு வள்ளம், உனக்கு இரண்டாயிரம் டாலர் நட்டம். அந்த நட்டத்துக்கு நீ சம்மதித்துவிட்டு உட்கார்ந்திருந்தாய். நான் இங்கே நாலு பேரிடம் உன்னைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டு திரிந்தேன். இன்று அந்த நாலு பேரிடமும் போய், 'நான் சொன்னது தப்பு' என்று சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வெட்கமாக இருக்கிறது. நன்றாக ஏசு, எத்தனை பக்கம் வேண்டுமானாலும் ஏசு. இந்தத் தடவை கடைசி வரைக்கும் படிப்பேன்.

ஜூலையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தாய். நீ ஏலக் கணக்கு எழுதி, வெயில் படாமல், வீட்டுச் சோறு தின்று நன்றாக இருந்தாய். மறுபடியும் கடலுக்கு வா என்று கூப்பிட்டு, நீ வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் எஞ்சினோடு சேர்த்து விலை கேட்டேன்.

இனி குளத்துக்கு வருகிறேன். ஈதர் விலை விழுந்து விழுந்து, நாம் இறங்கிய அதே இரண்டாயிரத்துக்கு வந்து நிற்கிறது. நம் பங்கில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். 4.2 ஈதர், 8,400 டாலர். நாம் போட்டதே திரும்பி வந்திருக்கிறது, மேலே கட்டணமும் சேர்ந்து. விலை பழைய இடத்துக்கு வந்தால் பெருக்கலும் பழைய இடத்துக்கு வரும் என்று நீ சொல்லித்தராமலே எனக்குப் புரிந்துவிட்டது. நான் உன்னைக் கள்ளன் என்று சொன்ன அந்த ஒன்றேகால் சொச்சம் ஈதர் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

வழக்கப்படி பிரிய இதைவிடத் தோதான நாள் வராது. என்னுடையது எனக்கு, உன்னுடையது உனக்கு, ஒரு பைசா வழக்கில்லை. அப்படித்தான் ஒரு உத்தரவை எழுதத் தொடங்கினேன். பாதியில் கை நின்றுவிட்டது. அழித்துவிட்டு வேறு ஒன்று எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் எடுத்து டாலராக்கினால் பதினாறாயிரத்து எண்ணூறு. இன்றைய ரேட்டில் பதினைந்து லட்சத்துக்கு மேல். ஞானையனிடம் கேட்டேன். முப்பது அடி வள்ளம் ஒன்று வார்க்கலாம், எஞ்சினோடு அதற்குள் முடியும் என்றார். பதிவில் இரண்டு பேர் பெயரும் இருக்க வேண்டும். வள்ளம் யாருடையது, எஞ்சின் யாருடையது என்று இனி பிரிவு கிடையாது. முழுக்கக் கலந்தது, ஆளுக்குப் பாதி. நாளைக்கு எஞ்சின் கெட்டாலும் வள்ளம் உடைந்தாலும் பாதி பாதி.

என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். உன்னுடையதுக்குக் கெடு எதுவும் வைக்கவில்லை. போடாவிட்டாலும் உன்னிடம் ஏன் என்று கேட்கமாட்டேன்.

எபிசன்


கடியப்பட்டணம்
13.2.2026

எபிசன் மக்கா,

முருகதாஸ் நாளைக் காலை பஹ்ரைனுக்கு ஏறுகிறான். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும் என்பதால் உனக்கு ஏச்சு குறைவாகத்தான் கிடைக்கும்.

அதற்கு முன்னால் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். நீ என்னைப் பெரிய மனுஷனாக்கி எழுதியிருக்கிறாய். அதை வாங்கி வைத்துக்கொள்ள என்னால் முடியாது.

கையெழுத்துப் போட்ட பிறகு தினமும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி வரை உன் கையெழுத்து வரவில்லை. ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். இன்னும் ஆறு நாள் இருந்தது. லிபின் இங்கேதான் லீவில் இருந்தான். அவன் போனை வாங்கி, 'பெட்டியத் திறந்து பாருலே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. முப்பத்தொன்று கடந்தபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான் மக்கா. இரண்டாயிரம் டாலர் தப்பித்ததே என்று மூச்சுவிட்டேன். உன் வள்ளம் போனது மறுநாள்தான் உறைத்தது. நவம்பரில் உன் கடிதம் வந்தபோதும், இரண்டாம் பக்கத்தைப் படி என்று எழுதாமல் நாலு வரியில் வீறாப்பாக முடித்துக்கொண்டேன். எழுதியிருந்தால், அக்டோபரிலேயே ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்டிருப்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்தேன்.

நீ முதல் பக்கத்தோடு நிறுத்தினாய். நான் கையெழுத்தோடு நிறுத்தினேன். இதில் யார் தப்புப் பெரியது என்று எந்தப் பெருக்கலிலும் வராது, நான் போட்டுப் பார்த்துவிட்டேன்.

சுபிதாவிடம் இதை நேற்றுத்தான் சொன்னேன். இன்றைக்குக் காலையில் சாயாவைக் கொண்டுவந்து டம்ளர் அதிரும்படி வைத்துவிட்டுச் சொன்னாள்: "வள்ளத்துக்க பதிவுல மூணு பேரு வேணும். எனக்க நாலு சென்டும் அதுல கெடக்கு. இனி ஒங்க ரெண்டு பேரையும் தனியா விட்டா, ஒருத்தன் படிக்கமாட்டான், ஒருத்தன் சொல்லமாட்டான்." மூன்று பேர் என்று நீயே எழுதிக்கொள். அவளிடம் வாதாட எனக்குத் தைரியமில்லை. பங்கு நமக்குள் அதே பாதி பாதிதான், என் பாதிக்குள் அவள்.

நீ இழந்த ஒரு லட்சத்தைப் பற்றியும் அவளிடம் பேசிவிட்டேன். முதல் வருஷம் மீன் விற்று வருகிற லாபத்திலிருந்து அதை உனக்கு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் பங்கு வைப்போம். வேண்டாம் என்று எழுதாதே. உனக்காக அல்ல, எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதற்காக.

ஏலக் கணக்கு எழுதுகிற வேலையை மாதக் கடைசியோடு விடுகிறேன் என்று சொல்லியாயிற்று. வெயில் படாமல் நன்றாக இருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். லே, இரண்டு வருஷமாகப் பிறர் பிடித்த மீனை எண்ணிக்கொண்டிருந்தேன். அது உனக்கு நன்றாக இருப்பதாகவா தெரிந்தது? நீ ஜூலையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கை கழுவாமலே உன்னோடு முட்டத்துக்கு வந்திருப்பேன்.

இன்று காலை பத்து மணிக்கு உன் உத்தரவில் என் கையெழுத்தைப் போட்டேன். இரண்டு கையெழுத்தும் சேர்ந்ததும் பெட்டி கேள்வி கேட்காமல் வேலையை முடித்தது. குளத்தில் இப்போது நம் பங்கு என்று ஒன்றுமில்லை. மதியமே ஞானையனைப் பார்க்க முட்டத்துக்குப் போனேன். ரசீது எழுதும்போது அவர் வழக்கம்போலக் கேட்டார்: "வள்ளம் ஆருக்க பேருல, எஞ்சின் ஆருக்க பேருல?" இரண்டும் மூன்று பேர் பெயரிலும் என்று சொன்னேன். மனுஷன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "பிரியணும்னா எப்படிவோய் பிரிப்பிய?" என்றார். "அதான் இப்பிடி எழுதச் சொல்லுதேன்" என்றேன்.

இனி உன் வேலை ஒன்றுதான் பாக்கி. இருபத்தொன்றாம் தேதி வருகிறாய் என்று எழுதியிருக்கிறாய். எத்தனை மணிக்கு என்று எழுதவில்லை. திருவனந்தபுரம் விமான நிலையத்து வாசலில் காலையிலிருந்து நிற்க எனக்குக் காலில் வலுவில்லை. பிளாக்கை எடுலே.

செல்வதாஸ்